நண்டு வண்டியில் போன ‘இதர’

என் மனைவி மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த படிப்பை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இறாலுக்கும் நண்டுக்கும் அடியில் போட்டு வண்டியேற்றி அனுப்பியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தெரிந்துகொள்ளக்கூடிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, மூன்று வருடம் தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்குப் பெயர் தெரியாமை இல்லை. அதற்கு என் மாமியார் வீட்டில் வேறு ஒரு சொல் இருக்கிறது. அச்சில் போட முடியாது.

என் சொந்த ஊர் அனுப்பம்பட்டு. ரயில் நிற்கிற ஊர். எங்கள் குடும்பத்தில் தண்ணீரில் கால் வைத்தவர்கள் யாரும் கிடையாது (மழைக்காலத்தில் தண்டவாளம் தாண்டும்போது தவிர). சுமதியைக் கல்யாணம் செய்துகொண்ட இரண்டாம் வருடம், அவளுடைய அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் அவள் அண்ணன் மூர்த்தி வீட்டு மாடிக்குக் குடிபோனோம். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனோம். அத்தைக்கு முழங்கால் சரியாகி வெகுகாலமாகிறது, நாங்கள் இன்னும் மாடியிலேயே இருக்கிறோம்.

வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள். நான் ஒரு தடவை உதவி செய்கிறேன் பேர்வழி என்று மச்சானுடைய வலையை மடித்து வைக்கப் போனேன். நான் போட்ட சிக்கை எடுக்க மூன்று பேர் அரை நாள் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு மூர்த்தி மச்சான் என் தோளில் கைபோட்டு, “மாப்ள, நீ மேல போயி எதுனா படி” என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். அந்த அன்பு எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

சரி, படிக்கிறவன் என்று பெயராவது இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். என்னிடம் அறுநூற்றுப் பதினான்கு புத்தகங்கள் இருந்தன. (இந்த எண்ணை அப்போதெல்லாம் நான் பேச்சுக்குப் பேச்சு சொல்வேன். மணி என்ன என்று கேட்டவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.) வாங்கியதில் பாதிக்கு மேல் நான் பிரித்ததில்லை என்பது எனக்கும் புத்தகங்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் ஒருவர் அந்த இணையதளத்தைக் காட்டினார். நம்மிடம் உள்ள புத்தகங்களை ஒவ்வொன்றாக அதில் பதிந்துகொள்ளலாம். அலமாரி அலமாரியாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு அலமாரிக்கும் நாமே பெயர் வைக்கலாம், நட்சத்திரம் கொடுக்கலாம், உலகத்துக்கே திறந்து காட்டலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வலை மடிக்கத் தெரியாதவனுக்கு ஒரு வலைதளம் கிடைத்துவிட்டது.

ஒரு மாதம் ராப்பகலாக வேலை நடந்தது. போன் கேமராவைப் பின்னட்டையின் பட்டைக்கோட்டுக்கு (பார்கோடு) நேரே பிடித்தால் ‘பீப்’ என்று சத்தம் வரும், புத்தகம் பதிவாகிவிடும். மாடியிலிருந்து பீப் பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்ததில், கீழேயிருந்து அத்தை ஒருநாள், “இன்னாடி சுமதி, உன் வூட்டுக்காரன் மேல கட தொறந்துக்கிறானா?” என்று கேட்டார். நான் அசரவில்லை. இருபத்து மூன்று அலமாரிகள் உருவாயின. ‘ரயிலில் படிக்க’, ‘மழையில் படிக்க’, ‘பாதியில் விட்டவை, திரும்பிப் போவேன்’, ‘பாதியில் விட்டவை, போகமாட்டேன்’, ‘பிறருக்குத் தரலாம்’, ‘கேட்டாலும் தரக்கூடாது’. இருபத்து மூன்றாவது அலமாரியின் பெயர்தான் ‘இதர’.

‘இதர’வில் இருந்தவை அனைத்தும் சுமதியுடையவை. அறுபத்தாறு புத்தகங்கள், ஐந்து நீள நோட்டுகள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் பாடப் புத்தகங்கள், பொது அறிவுத் தொகுப்புகள், அட்டை கிழிந்த வினா விடைக் கையேடுகள், கணக்குக்குக் குறுக்கு வழி சொல்லித் தரும் ஒரு தடிப் புத்தகம். பாதிக்கு அட்டையே இல்லை, பட்டைக்கோடு எங்கே இருக்கும்? ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யவேண்டும். இரண்டு செய்து பார்த்தேன், கொட்டாவி வந்தது. மொத்தமாக ஒரே வரியில் ‘இதர: 71’ என்று போட்டு முடித்தேன். நட்சத்திரம் தரவில்லை.

சுமதி அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு தடவை எழுதி, கொஞ்சத்தில் தவறவிட்டவள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு, தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்பதும் தெரியும். எந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள் என்பது மட்டும் தெரியாது. நான் காலை ரயிலுக்குக் கிளம்பிய பிறகு எடுத்து, நான் வருவதற்குள் மூட்டை கட்டி வைத்துவிடுவாள். என் எதிரில் அவள் கையில் போன்தான் இருக்கும். அதனால் போனில் படிக்கிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பழைய மூட்டை அவள் பள்ளிக்கூட ஞாபகத்துக்கு வைத்திருப்பது போலும் என்று ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இணையத்தில் பிரித்தபடியே வீட்டிலும் பிரிக்கவேண்டுமே. மச்சானிடம் பெட்டி கேட்டேன். அவர் இறாலும் நண்டும் வாங்கி அனுப்புகிற வியாபாரி. கொல்லையில் நீலநிற பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும், சுற்றிலும் ஓட்டை போட்டவை. “கழுவித்தான் கீது, எடுத்துக்க மாப்ள” என்றார். நான் இருபத்தைந்து எடுத்துக்கொண்டேன், ‘இதர’வுக்கு மட்டும் மூன்று. (அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் மாப்பிள்ளை கேட்டுவிட்டேனே.)

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு பெட்டி நிறம் உண்டு. மூர்த்தி மச்சானுக்கு நீலம். காலையில் பிடித்து வந்த சரக்கைப் பெட்டியில் போட்டு, வீட்டு வாசலில் ரோட்டோரமாக வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டால் அவ்வளவுதான், சரக்கு தயார் என்று அர்த்தம். மச்சானுடைய குட்டியானை வண்டியை ஓட்டும் ஏழுமலை வருவார், தூக்கி ஏற்றுவார், போய்க்கொண்டே இருப்பார். ஹாரன் அடிக்கமாட்டார். கூப்பிட்டுக் கேட்கமாட்டார். சாக்கைத் தூக்கிப் பார்ப்பது பெரிய அவமரியாதை, அந்த வீட்டுக்காரரைச் சந்தேகப்படுகிற மாதிரி. இதெல்லாம் அந்தத் தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் அங்கே குடியிருந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுமதி மாதிரித் தேர்வு எழுதுவதற்காகப் பொன்னேரிக்குப் போயிருந்தாள். மாடி முழுக்க நீலப் பெட்டிகள். நடக்க இடமில்லை. எதையாவது கீழே இறக்கவேண்டும். எதை இறக்குவேன்? ‘ரயிலில் படிக்க’வையா? ‘கேட்டாலும் தரக்கூடாது’வையா? ‘இதர’ மூன்று பெட்டிகளையும் மூச்சு வாங்கச் சுமந்து போய் வாசல்படிக்குப் பக்கத்தில் வைத்தேன். தற்காலிகமாகத்தான். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் சுமதி வந்ததும், ‘இதெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடலாமா’ என்று மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது.) காக்கை எச்சம் போட்டுவிடக்கூடாதே என்ற அக்கறையில், பக்கத்தில் கிடந்த மூன்று சாக்குகளை எடுத்து அழகாக மேலே போர்த்திவிட்டு மாடிக்குப் போனேன்.

ஒரு மணிநேரத்தில் மீதி இருபத்திரண்டு அலமாரிகளும் வரிசைக்கு வந்துவிட்டன. நின்று பார்த்தேன். பெருமை தாங்கவில்லை. இணைய அலமாரியின் சுட்டியைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு, ‘நம் வீட்டு நூலகம்’ என்று கீழே எழுதினேன். ‘நம்’ என்று எழுதியதை நன்றாகக் கவனிக்கவேண்டும். மச்சான் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் சுமதியிடமிருந்து போன். தேர்வு முடிந்து வெளியே வந்திருப்பாள், பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

“பாத்தேங்க. என் புக்கெல்லாம் எங்க? ஒண்ணயும் காணோமே.”

“இருக்கே. கடைசியாப் பாரு. ‘இதர’.”

பஸ் ஸ்டாண்டு இரைச்சலிலிருந்து தள்ளி வந்து கேட்டாள்.

“சரி. அதெல்லாம் இப்ப எங்க இருக்குது?”

“வாசல்லதான் வச்சிருக்கேன், பத்திரமா” என்று சொல்லிக்கொண்டே மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசல் மண்ணில் பெட்டி வைத்த தடம் மூன்று இருந்தது. பெட்டிகள் இல்லை.

“இங்கதானே வச்சேன்” என்று நான் முனகியதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஏங்க, அதுலதான் எல்லாம் இருக்குது. நோட்டு, குறிப்பு, எல்லாம்” என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தேர்வில் இரண்டு தடவை தோற்றபோதுகூட உடையாத குரல்.

மச்சானுக்குப் போன் போட்டேன். கரையில் இருந்தார்.

“மச்சான், வாசல்ல வச்ச பெட்டிய காணோம்.”

“எந்தப் பெட்டி?”

“உங்க நீலப் பெட்டிதான். மூணு.”

“மேல சாக்கு போட்டியா?”

“போட்டேன்.”

“அப்ப அது சரக்கு மாப்ள. ஏழுமலை ஏத்திகினு பூட்டான்.” உடனே, “உள்ள இன்னா இருந்துச்சி?” என்று கேட்டார்.

சொன்னேன். கரையிலிருந்து ஒரு நீளமான “அய்யய்யோ” கேட்டது. “தங்கச்சி புக்கா? யோவ், உன்ன... சரி சரி, வண்டி ஓட்டசொல்ல ஏழுமலை போன எடுக்கமாட்டான், நீ என் வண்டிய எடு. பொன்னேரி ரோட்டு ஷெட்டுல எறக்கித் தரம் பிரிப்பாங்க. அங்க வுட்டா மெட்ராசு வண்டி. ஓடு!”

மச்சானுடைய பழைய மொபெட்டை அதற்கு முன் நான் ஓட்டியதில்லை. அதற்கு பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும் என்பதை முதல் வளைவில் தெரிந்துகொண்டேன். இரண்டாவது வளைவில் ஒரு ஆடு தெரிந்துகொண்டது. லுங்கியோடு, காலில் செருப்பில்லாமல், சாலையில் போகிற ஒவ்வொரு குட்டியானையையும் “ஏழுமலை! ஏழுமலை!” என்று கத்தித் துரத்திக்கொண்டு போனேன். அதில் ஒன்று தண்ணீர் கேன் வண்டி. இன்னொன்றில் கல்யாணப் பந்தல் சாமான். அந்தப் பந்தல்காரர் என்னை என்ன நினைத்திருப்பாரோ, வண்டியை நிறுத்தாமல் வேகம் பிடித்தார்.

ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சரக்கு இறங்கியிருந்தது. நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவள் மங்கை. சுமதியின் சித்தப்பா மகள், அவளை விட இரண்டு வயது சின்னவள். எனக்குக் கொழுந்தியாள் முறை. அதனால் என்னை எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற உரிமை அவளுக்குப் பிறப்பிலேயே வந்துவிட்டது.

“வாங்க மாமா! இன்னா, லுங்கியோட மாரத்தானா?”

“மங்கை, புத்தகம்... பெட்டியில...”

ஏழுமலை தலையைச் சொறிந்தார். “கனமா இருந்துச்சி சார். நண்டுன்னு நெனச்சி அடியில போட்டேன்.”

அடியில். அதுதான் விஷயம். கனமான பெட்டி அடியில், அதற்கு மேலே ஐஸ் போட்ட இறால் பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் ஓட்டை. வழி முழுக்க ஐஸ் உருகி, இறாலைக் கழுவி, சொட்டுச் சொட்டாக என் மனைவியின் படிப்பின்மேல் இறங்கியிருந்தது. மங்கை சாக்கைத் தூக்கினாள். மேலே கிடந்த குடிமையியல் புத்தகத்தின்மேல் இரண்டு இறால்கள் படுத்திருந்தன.

யாரோ சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மங்கை மட்டும் சிரிக்கவேயில்லை. “அக்காது தான இது?” என்றாள். தலையாட்டினேன். கையிலிருந்த நண்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். “ஏய், இறால அப்புறம் பாக்கலாம், எல்லாம் இங்க வாங்கடி.” பிறகு என் பக்கம் திரும்பி, “சொல்லுங்க மாமா, எது உசுரு, எது செத்தது?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

“நண்டு வந்தா உசுரோட கீறத மொதல்ல எடுத்துடுவோம். செத்தது எங்க போயிடப் போவுது, அது மெதுவாப் பாத்துக்கலாம். இதுலயும் அக்கா படிக்கிறது எது, சும்மா கீறது எதுன்னு சொல்லுங்க. அத மொதல்ல காப்பாத்துவோம். ஊறிகினே போவுது பாருங்க.”

இருபத்து மூன்று அலமாரி போட்டவன் நான். ரயிலில் படிப்பதையும் மழையில் படிப்பதையும் பிரித்து வைத்தவன். என் மனைவி வாழ்க்கையை ஒப்படைத்திருந்த எழுபத்தொன்றில் எது அவளுக்கு வேண்டும் என்று கேட்டால், ஒரு புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

“தெரியாதா?” என்றாள் மங்கை. அந்த ஒரு வார்த்தையைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

பிறகு அவளே ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். ஓரமெல்லாம் பென்சிலில் எழுத்து, அடிக்கோடு, குட்டிக் குட்டி அம்புக்குறி. “இந்தா, இதுல அக்கா கை கீது. இது உசுரு.” வலப்பக்கம் வைத்தாள். அடுத்ததைப் பிரித்தாள், வெள்ளைத்தாள். “இத அவ தொடவேயில்ல. செத்தது.” இடப்பக்கம். மற்றப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். நண்டின் கொடுக்கில் மாட்டாமல் தூக்கிப் பழகிய விரல்கள், ஈரத்தாளைக் கிழியாமல் பிரித்தன.

“அறிவியல் போச்சிடி!”

“இல்ல இல்ல, உள்ள எழுதிக்கிறா பாரு. உசுரு!”

“வரலாறு பொழச்சிக்கிச்சி.”

நான் ஒரு மூலையில் நின்று, மங்கை நீட்டுவதை வாங்கி வாங்கித் தண்ணீர் வடிய வைத்தேன். என் கைக்கு வந்த ஒவ்வொன்றிலும் பார்த்தேன். பென்சிலில் எழுதி, அழித்து, அதன்மேலேயே மறுபடி எழுதியிருந்தாள். சில இடத்தில் மூன்று தடவை அழித்த தடம் இருந்தது. ஏன் பென்சில் என்று பின்னால் கேட்டபோது சொன்னாள்: “தோத்தா அழிச்சிட்டு மொதல்லேருந்து புதுசாப் படிக்கலாம்ல.”

அந்தப் பென்சில்தான் காப்பாற்றியது. ஐஸ் தண்ணீரில் அது கரையவில்லை. நோட்டுகள்தான் போய்விட்டன. அவை புது நோட்டு, ஆசையாக ஜெல் பேனாவில் எழுதியிருந்தாள். ஐந்திலும் பக்கத்துக்குப் பக்கம் நீலமாக வழிந்து, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாமல் இருந்தது.

மச்சான் போனில் சொல்லியிருந்தார், சுமதி பொன்னேரி பஸ்ஸிலிருந்து ஷெட் வாசலிலேயே இறங்கினாள். வந்தாள், பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேலையைச் செருகிக்கொண்டு மங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பிரிக்க ஆரம்பித்தாள். கடைசி நோட்டைக் கையில் எடுத்தபோதுதான் நிமிர்ந்து, “‘சுமதி புக்கு’ன்னு ஒரு வரி போட்டிருக்கலாமில்லீங்க? அது கூடவா வரல?” என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐஸ் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். யாரும் நம்பவில்லை. ஏழுமலைதான் பாவம், “ஆமா சார், தெறிக்கும்” என்றார்.

வீட்டில் மச்சான் கொல்லை முழுக்கப் பழைய வலையைத் தரைக்கு மேலே இழுத்துக் கட்டி வைத்திருந்தார், கருவாடு காயப்போடுகிற மாதிரி. உயிருள்ளவை முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் விரித்துக் காயவைத்து, மணிக்கொரு தரம் பக்கம் திருப்பினோம். அத்தை முழங்காலை நீட்டி உட்கார்ந்து, கையில் கோலோடு காக்கை விரட்டினார். தெருவில் போகிற வருகிறவர்கள் நின்று மூக்கை உறிஞ்சி, “இன்னா கருவாடு இது?” என்று கேட்டார்கள். மச்சான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “சமூக அறிவியல்” என்றார்.

மறுநாள் காலை ஐந்து புது நோட்டும் ஒரு டப்பா பென்சிலும் வாங்கி வந்து சுமதி எதிரில் உட்கார்ந்தேன். “நீ சொல்லு, நான் எழுதறேன்.” அவள் நம்பிக்கையில்லாமல்தான் ஆரம்பித்தாள். காலை ரயிலுக்கு முன்னால் ஒரு மணிநேரம், சாயங்காலம் வந்ததும் இரண்டு மணிநேரம் என்று மூன்று வாரம் நடந்தது. கரைந்துபோன ஐந்து நோட்டில் முக்கால்வாசி அவள் தலைக்குள் அப்படியே இருந்தது. ஆற்றுப் படுகைகளும் சட்டத் திருத்தங்களும் வட்டிக் கணக்கும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எனக்குக் கை வலித்தது. நான் தப்பாக எழுதினால் எட்டிப் பார்க்காமலே, “அது இல்லீங்க, அதுக்கு முன்னாடி வருஷம்” என்பாள். இவ்வளவு படித்த ஒருத்தி என் எதிரில் நாலு வருடமாக உட்கார்ந்திருந்தாள், நான் ‘அறுநூற்றுப் பதினான்கு’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நினைத்தால் கூசுகிறது.

தேர்வு நாளில் கடைசி நேரம் புரட்டுவதற்காக இறால் வாடை போகாத இரண்டு புத்தகத்தைப் பையில் எடுத்துப் போனாள். நெரிசலான பஸ்ஸில் அவளுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்ததாம், பக்கத்து சீட்டும் சேர்த்து. எழுதினாள். தேறினாள். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். முடிவு வந்த அன்று மங்கை ஒரு கூடை நண்டு கொண்டுவந்து வாசலில் வைத்து, “மாமா, இது நெசமாவே நண்டு, புக்குன்னு நெனச்சிக் கோடு கீடு போட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆரம்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனால்கூட என்னை யாரும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதில்லை. “படிப்ப நண்டு வண்டில ஏத்துனாரே, அவருதான்” என்றால் பந்தியில் எல்லோருக்கும் தெரிகிறது.

வேலையில் சேர்ந்த வாரம் சுமதி என் இணைய அலமாரியின் கடவுச்சொல்லைக் கேட்டாள். கொடுத்தேன். இருபத்து மூன்று அலமாரிகளையும் அழித்துவிட்டு இரண்டே இரண்டு வைத்தாள்: ‘உசுரு’, ‘செத்தது’. அவளுடையவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் தட்டி ஏற்றினாள். பிறகு என்னுடையவை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஏதாவது ஒன்று நான் சொல்லவேண்டும். சொன்னால் உசுரு. பேசாமல் நின்றால் செத்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை நடந்தது அந்தத் தேர்வு. சில இடங்களில் கதை விட்டுப் பார்த்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதுல அப்பிடி ஒண்ணும் இல்லியே” என்றாள். அறுநூற்றுப் பதினான்கில் ஐம்பத்தேழு தேறியது.

இப்போது சுமதியின் அலுவலகத்திலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால், சுவர் முழுக்க உள்ள புத்தகத்தைப் பார்த்து அசந்துபோகிறார்கள். போன மாதம் வந்த ஒருவர், “சார், மொத்தம் எத்தனை இருக்கும்?” என்று கேட்டார்.

“ஐம்பத்தேழு” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணக்கு தெரியாத ஆள் என்று நினைத்திருக்கலாம். சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வந்தது.

“ஐம்பத்தெட்டு.”

“ஐம்பத்தேழுதானே?”

“நேத்து அந்த வரலாறு புக்க எடுத்து வச்சிகினு பென்சில்ல கோடு போட்டுட்டு இருந்தீங்களே, அது கணக்குல வராதா?”

“அது உன் புக்காச்சே.”

கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“பரவால்ல, சேத்துக்குங்க” என்றாள்.